அப்பாவின் நெஞ்சுக்குச் செவ்வொளிச் சிகிச்சை: பணம் கட்டலாமா?

தேற்றாத்தீவு மகள் எழுதியது:

அண்ணாமார், அக்காமார், ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

அப்பாவுக்கு 68 வயது. மார்கழி மழையோடு தடிமன், காய்ச்சல் என்று தொடங்கி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். இன்ஃப்ளுவென்சாவால் வந்த நிமோனியா என்றார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், காய்ச்சலும் விட்டுவிட்டது. ஆனால் இருமல் நிற்கவில்லை. கிணற்றடிக்குப் போய் வந்தாலே இளைக்கிறது. இளவயதில் சுருட்டுப் பிடித்தவர், தொய்வும் (ஆஸ்துமா) கொஞ்சம் உண்டு, அதற்கு மருந்துப் பம்ப் அடிக்கிறார்.

ஊருக்குக் கிட்ட ஒருவர் தனியாக ஒரு இடம் நடத்துகிறார். நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பு லைட்டும் லேசரும் பிடித்தால் நுரையீரல் அழற்சி வற்றிவிடும், கொவிட் காலத்தில் அமெரிக்காவிலேயே செய்து காட்டினார்கள் என்கிறார். பத்துத் தடவைக்கு முன்பணம் கட்ட வேண்டுமாம். லைட் பிடிக்கிற நாட்களில் பம்ப் அடிப்பதை நிறுத்திப் பார்க்கலாம் என்றும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. பெரியம்மாவும் கட்டு கட்டு என்கிறார். இது உண்மையிலேயே வேலை செய்யுமா?

கல்லடிக் காற்று எழுதியது:

தங்கச்சி, பம்பை மட்டும் நிறுத்த விடாதீர்கள். மற்றதை ஆறுதலாகக் கதைக்கலாம். ஒட்சிசன் அளவு பார்க்கிற சின்னக் கருவி வீட்டில் இருக்கிறதா? இருந்தால் இருந்தபடி ஒரு அளவு, கொஞ்சம் நடந்துவிட்டு ஒரு அளவு எடுத்துப் போடுங்கள்.

அக்கரைப்பற்று காக்கா எழுதியது:

லைட் சிகிச்சையை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் உம்மாவுக்கு முழங்கால் வீங்கித் தொழுகைக்குக் குனிய முடியாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் லேசர் பிடித்து, பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல சுகம். மருந்து மாத்திரையால் வயிறு புண்ணாகிப் போனவர்களுக்கு இப்படி ஒன்று கிடைப்பது பெரிய காரியம். முழங்கால் வீக்கத்தைக் குறைக்கிற ஒளி நெஞ்சு வீக்கத்தைக் குறைக்காதா?

ஒளியியல் எழுதியது:

காக்கா கேட்டது சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவன் நான். கொவிட் காலத்தில் என் மாணவர்களின் வீடுகளில் நடந்ததைப் பார்த்த பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன்.

ஒளியால் நோய் தீர்ப்பது புதுக்கதை இல்லை. டென்மார்க்கில் நீல்ஸ் ஃபின்சன் தோலில் வரும் காசநோய்ப் புண்ணை ஒளியைக் குவித்துக் குணப்படுத்தி 1903இல் நோபல் பரிசு வாங்கினார். 1967இல் ஹங்கேரியில் எந்திரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகளின் தோலில் வலுக் குறைந்த சிவப்பு லேசரைப் பிடித்தபோது அங்கே மயிர் வேகமாக வளர்ந்ததைக் கண்டார். இன்றைய செவ்வொளிச் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உள்ளே நடப்பது இதுதான். 600 முதல் 1,100 நனோமீற்றர் வரை அலைநீளமுள்ள சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரும் கலத்துக்குள் போனால், கலத்துக்குச் சக்தி செய்துகொடுக்கும் இழைமணியில் இருக்கும் சைற்றோகுரோம் சி ஒட்சிடேஸ் என்ற புரதம் அதை உறிஞ்சுகிறது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கலத்தின் சக்தி உற்பத்தி கூடுகிறது, அழற்சியைத் தூண்டும் சில இரசாயனங்கள் குறைகின்றன. எலிகளின் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கிவிட்டு ஒளி பிடித்துப் பார்த்த ஆய்வுகளிலும் அந்த இரசாயனங்கள் குறைந்தன. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எலியின் நெஞ்சுச் சுவர் சில மில்லிமீற்றர்தான். ஆளுக்கு அப்படியா? தோல், கொழுப்பு, தசை, விலா, அதற்குப் பிறகு நுரையீரல் உறை. எல்லாம் தாண்டிச் சில சென்ரிமீற்றர் போக வேண்டும். இரவில் ஃபோன் டோர்ச்சை உள்ளங்கையில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கை முழுக்கச் சிவப்பாகத் தெரியும், ஆனால் உள்ளே ஒரு எலும்பின் நிழல்கூடத் தெளிவாகத் தெரியாது. நீலமும் பச்சையும் குருதியில் உறிஞ்சப்படுகின்றன. சிவப்பு மட்டும் தப்பி வருகிறது, அதுவும் வழியெல்லாம் சிதறி. கையை எடுத்துவிட்டு அதே டோர்ச்சை வயிற்றில் வைத்துப் பாருங்கள், மறுபக்கம் எதுவும் தெரியாது. செங்கீழ்க் கதிர் சிவப்பைவிட ஆழம் போகும். ஆனாலும் ஆழம் கூடக் கூட அது மடங்கு மடங்காகத் தேய்கிறது. எங்களுடைய கறுத்த தோலில் இருக்கும் மெலனின் வாசலிலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

முழங்கால் மூட்டு தோலுக்குக் கிட்ட இருக்கிறது. கீமோ எடுக்கும் புற்றுநோயாளிகளின் வாய்ப்புண்ணுக்கு இந்த ஒளியைப் பயன்படுத்தலாம் என்று 2018இல் இங்கிலாந்தில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டல் எழுதும் நைஸ் நிறுவனமே வழிகாட்டல் கொடுத்தது. புண் வாய்க்குள், கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஒளியை அதன் மேலேயே வைக்கலாம். நுரையீரலுக்கு அந்த வசதி இல்லை. அதனால் யார் எந்த லைட்டைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நோய் இருக்கிற இடத்துக்கு இதில் எவ்வளவு போய்ச் சேருகிறது?

சூரிச் தம்பி எழுதியது:

மேலே கேள்வி கேட்டது என் அக்காதான். அக்கா, நான் இங்கேயிருந்து ஒரு லைட் பலகை அனுப்பலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளியியல் ஐயா, அமெரிக்காவில் செய்தது பொய் இல்லை, நானும் படித்தேன். மசாசூசெட்சில் லோவெல் ஜெனரல் ஆஸ்பத்திரி. 2020இல் கொவிட் நிமோனியாவோடு வந்த 57 வயது ஆளுக்கு நான்கு நாள், நாளுக்கு 28 நிமிடம், முதுகுப் பக்கமாக லேசர் பிடித்தார்கள். ஒட்சிசன் தேவை குறைந்தது, எக்ஸ்ரே தெளிந்தது. தூரத்தில் இருக்கிறவன் நான். வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்க முடியாது. அனுப்பக்கூடியதையாவது அனுப்பலாமே என்றுதான்.

ஒளியியல் எழுதியது:

தம்பி, உங்கள் மனம் விளங்குகிறது. படித்ததும் உண்மைதான். அந்த அறிக்கையையே முழுசாகப் பார்ப்போம்.

அவர்கள் பாவித்தது 808, 905 நனோமீற்றர் லேசர்கள். வலுவான மருத்துவ இயந்திரம் அது, அலிபாபாவில் வாங்குகிற பலகை இல்லை. தோலில் விழுந்தது சதுர சென்ரிமீற்றருக்கு 7.2 ஜூல். நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்ததாக அவர்களே கணக்குப் போட்டது 0.01 ஜூலுக்குச் சற்று அதிகம். எழுநூறில் ஒரு பங்கு என்று வையுங்கள். அந்தச் சிறு அளவு ஏதாவது செய்யலாம். செய்யாமலும் விடலாம். ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் ஒளி பிடிக்காமலே அந்த நாட்களில் தேறி எழும்பியவர்கள் ஏராளம். அதே ஆஸ்பத்திரி பிறகு பத்துப் பேரை எடுத்தது. ஐந்து பேருக்கு லேசர், ஐந்து பேருக்கு வழமையான சிகிச்சை. ஒளி பிடித்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று எழுதினார்கள். ஐந்தும் ஐந்தும்.

பிறகு பிரேசிலில் கொஞ்சம் இறுக்கமாகச் செய்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குக் குழாய் போட்டிருந்த 30 கொவிட் நோயாளிகள். பாதிப் பேருக்கு காந்தப்புலத்தோடு சேர்த்து ஒளி, மீதிப் பேருக்கு ஒளி வராத பொய்க் கருவி. 2021இல் முடிவு வந்தது. முக்கியமாக அளக்க நினைத்தது, தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள் கிடக்கிறார்கள் என்பதை. அதில் நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. உதரவிதானத் தசை, சில இரத்தப் பரிசோதனைகள் போன்றவற்றில் நல்ல மாற்றம் இருந்தது. மேலும் ஆராயலாம் என்ற இடத்தில்தான் நிற்கிறது. காசு வாங்கி விற்கிற இடத்துக்கு அது இன்னும் வரவில்லை.

இதோடு டெக்சாமெதசோனை ஒப்பிட்டுப் பாருங்கள். விலை குறைந்த பழைய ஸ்டீரொயிட். 2020இல் பிரித்தானியாவின் ரிகவரி ஆய்வில் 6,425 கொவிட் நோயாளிகள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் வழமையான சிகிச்சையோடு இறந்தது 41.4 வீதம், மருந்து கொடுத்தவர்களில் 29.3 வீதம். ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 என்பது 23.3 ஆனது. இனித்தான் முக்கியம்: ஒட்சிசனே தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் நன்மை எதுவும் கிடைக்கவில்லை. மருந்து எடுத்தவர்களில் இறப்பு 17.8, எடுக்காதவர்களில் 14.0. அழற்சி என்பது வைரசை எதிர்த்து உடம்பு செய்கிற சண்டையும்தான். எந்த நேரத்தில், யாருக்கு, எவ்வளவு அடக்குவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. இன்ஃப்ளுவென்சாவில் இன்னும் கவனம் வேண்டும். அதற்கு ஸ்டீரொயிட்டை வழமையாகக் கொடுப்பதில்லை. "அழற்சியை வற்ற வைக்கிறோம்" என்று ஒருவர் பொத்தாம் பொதுவாகச் சொன்னால், எந்தக் கட்டத்து அழற்சி என்று அவரிடம் கேளுங்கள்.

படுவான்கரை விவசாயி எழுதியது:

வெயில் காய்வதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் சளி பிடித்த வயசாளிகளைக் காலை வெயிலில் வாங்கில் இருத்தி வைப்போம். அதுவும் ஒளிதானே? அதோடு புறஊதா விளக்கு வைரசைக் கொல்லும் என்று முன்பு ஒரு கதை வந்தது, அது என்ன?

வார்ட் மிஸ்ஸி எழுதியது:

விவசாயி அண்ணன், காலை வெயிலில் இருத்துவது நல்லது. உடம்பு விற்றமின் டி செய்துகொள்ளும். படுத்த படுக்கையாகக் கிடக்காமல் எழும்பி இருப்பதே நெஞ்சுக்குப் பெரிய உதவி. அதைச் செய்யுங்கள், வெறும் வயிற்றோடு உச்சி வெயிலில் வேண்டாம்.

புறஊதா வேறு. 254 நனோமீற்றர் விளக்கு அறையையும் கருவிகளையும் தொற்று நீக்கத்தான். ஆள் இருக்கிற அறையில் அதைப் போட்டால் கண்ணும் தோலும் எரிந்துவிடும். கையில், உடம்பில் பிடிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2020இல் எச்சரித்தது. உடம்புக்குள் இருக்கிற வைரசை அது தொடப்போவதும் இல்லை.

நான் நீண்ட காலம் குழந்தைகள் வார்ட்டில் வேலை செய்தவள். ஒளியை நம்புகிறவள். மஞ்சள் காமாலையோடு பிறந்த பிள்ளையைக் கண்ணைக் கட்டி நீல லைட்டுக்குக் கீழே படுக்க வைத்துவிட்டு, மணிக்கணக்கில் பக்கத்தில் நின்றிருக்கிறேன். 1950களில் இங்கிலாந்தில் ரொச்ஃபோர்ட் என்ற ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற தாதி, வெயிலுக்குக் கொண்டுபோன குழந்தைகளின் தோலில் வெயில் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் குறைந்ததைக் கவனித்தார். அதிலிருந்து வந்த சிகிச்சை அது. ஒளியியல் சேர் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது: மஞ்சள் தோலில்தான் இருக்கிறது, ஒளி தோலுக்குப் போகிறது. அந்த மஞ்சள் பொருளான பிலிருபினை உடம்பு வெளியே தள்ளக்கூடிய உருவத்துக்கு மாற்றுகிறது. எங்கள் கண் முன்னாலேயே நிறம் மாறும். இரத்தப் பரிசோதனையிலும் இறங்கும். எவ்வளவு அளவில் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று அட்டவணை இருக்கிறது.

மகள், உங்கள் அப்பாவுக்கு இப்போது உண்மையிலேயே பயன்படுகிற செவ்வொளி ஒன்று இருக்கிறது. விரலில் கொளுவுகிற ஒட்சிசன் கருவிதான். உள்ளே 660 நனோமீற்றர் சிவப்பும் 940 நனோமீற்றர் செங்கீழும் மாறி மாறி எரிகின்றன. இரண்டையும் குருதி எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வித்தியாசத்தில் இருந்து அளவைச் சொல்கிறது. எடுக்கும்போது ஐந்து நிமிடம் ஆறி இருக்கட்டும். நகத்தில் பூச்சு, கறுப்பு மருதோன்றி இருக்கக்கூடாது. விரல் குளிர்ந்திருந்தால் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். கையை மேசையில் வைத்து அசையாமல், எண் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிற்கும்வரை பாருங்கள். முதலில் வருகிற எண்ணை எழுதாதீர்கள்.

இன்னொன்று. கறுத்த தோலில் இந்தக் கருவி சில நேரம் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அமெரிக்காவில் 2020இல் வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை நல்ல அளவு காட்டியபோதும் இரத்தத்தில் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். அதனால் எண் நன்றாக இருக்கிறது, ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

தேற்றாத்தீவு மகள் எழுதியது:

மிஸ்ஸி அக்கா சொன்னபடி பக்கத்து வீட்டில் கருவி வாங்கிப் பார்த்தேன். இருந்தபடி 95. வாசலில் இருந்து கேற் வரை இரண்டு தரம் நடக்கவிட்டு எடுத்தபோது 91க்கு இறங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்பி ஏறியது. இது பயமா?

அந்த இடத்துக்கும் போய் விசாரித்தேன். அலைநீளம் எவ்வளவு என்று கேட்டேன், "மூன்று நிறமும் இருக்கிறது" என்றார். வலு எவ்வளவு என்று கேட்டதற்கு "ஜேர்மன் தொழில்நுட்பம்" என்றார். பெட்டியில் வோல்ட்டும் வோட்டும் மட்டும்தான் போட்டிருக்கிறது. அப்பாவின் எக்ஸ்ரேயையோ ஆஸ்பத்திரித் துண்டையோ அவர் கேட்கவே இல்லை.

கல்லடிக் காற்று எழுதியது:

துண்டைக்கூடக் கேட்காதவர் நெஞ்சு நோய்க்குச் சிகிச்சை செய்கிறாரா? பணம் கட்ட வேண்டாம் தங்கச்சி.

இயன்மருத்துவன் எழுதியது:

தங்கச்சி, நான் அரச ஆஸ்பத்திரி ஒன்றில் இயன்மருத்துவப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடமும் லேசர் இருக்கிறது. மூட்டு, கழுத்து, தசைநாருக்குப் பாவிக்கிறோம். நிமோனியா நெஞ்சுக்குப் பாவிப்பதில்லை. செங்கீழ் வெப்ப விளக்கும் இருக்கிறது. அது தசையைச் சூடாக்கி நோவைக் குறைக்கும், அவ்வளவுதான். இருமி இருமி விலாவில் நோவு இருந்தால் இதமாக இருக்கும், நுரையீரலுக்கு மருந்து இல்லை.

நடக்கும்போது 91க்கு இறங்குகிறது என்றால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள். தொய்வும் பழைய புகைப் பழக்கமும் இருப்பதால் அவருடைய சாதாரண அளவு எது என்று வைத்தியரிடமே கேட்டு எழுதி வையுங்கள், சிலருக்கு அது மற்றவர்களைவிடக் குறைவாகவே இருக்கும். இருந்தபடியே 92, 91 என்று இறங்கினால், பேசும்போது வசனம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், ஆள் மயக்கமாகக் கதைத்தால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. திரும்பக் காய்ச்சல் வந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வந்தாலும் தாமதிக்காதீர்கள். வைரசுக்குப் பின்னால் பக்டீரியாவும் வந்து குந்துவது சகஜம்.

வீட்டில் செய்யக்கூடியது: மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து ஊதி விடச் சொல்லுங்கள். இளைக்கும்போது மேசையில் கையூன்றிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து இருந்தால் மூச்சு இலகுவாகும். நடையை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், மூச்சு வாங்கினால் நின்று ஆறித் தொடரட்டும். பம்பைச் சரியாக அடிக்கிறாரா என்று பாருங்கள். எங்களிடம் வருகிற வயசாளிகளில் பலர் மருந்தைத் தொண்டையில்தான் அடிக்கிறார்கள். பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்துகிற இடைக்குழல் ஒன்றை வைத்து அடித்தால் உள்ளே இறங்கும். விறகடுப்புப் புகை, நுளம்புச் சுருள், வைக்கோல் எரிக்கிற புகை எதுவும் அவருக்குக் கிட்ட வரக்கூடாது. பெரும்போக அறுவடை தொடங்கினால் வயற்பக்கம் போகவே வேண்டாம், அந்தத் தூசு தாங்காது. உடம்பு தேறியதும் இன்ஃப்ளுவென்சாத் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

எங்கள் பிரிவில் நெஞ்சுப் பயிற்சி இலவசம். வைத்தியரின் துண்டு இருந்தால் போதும்.

அக்கரைப்பற்று காக்கா எழுதியது:

எல்லாம் வாசித்தேன். முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இருக்கிற தூரம் இப்போது விளங்குகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆஸ்பத்திரி மருந்தையும் விடாமல், கூடவே இந்த லைட்டையும் பிடித்தால் என்ன கெட்டுப்போகும்?

ஒளியியல் எழுதியது:

காக்கா, சரியான அளவில், கண்ணுக்கு மறைப்புப் போட்டுப் பிடித்தால் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றே வையுங்கள். வலுவான லேசர் என்றால் கறுத்த தோல் சுடும், கண்ணில் பட்டால் பார்வை போகும். அது தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய பொருள். அளவு கூடினால் பலனும் கூடும் என்றும் இல்லை. இந்த ஒளியில் ஒரு அளவுக்கு மேலே போனால் பலன் திரும்பக் குறைகிறது என்பதைக் கலங்களிலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். லைட் பிடித்த அன்றைக்கு உடம்பு சூடாகி இதமாக இருக்கும். அப்பாவுக்குச் சுகம் போலத் தெரியும். ஒட்சிசன் 91க்கு இறங்குவதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். இன்னும் நாலு தடவை பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று வீட்டில் பேச்சு வரும். கொவிட் நேரத்தில் இப்படி நாள் கடத்தி, கடைசியில் மூச்சு முட்டக் கொண்டுபோனவர்களை இந்த ஊர்களில் நாங்கள் பார்த்தோம். அந்த முன்பணத்தில் நல்ல ஒட்சிசன் கருவி ஒன்றும் இடைக்குழலும் வாங்கி, கிளினிக்குக்குப் போய்வர ஆட்டோவுக்கும் கொடுக்கலாம்.

இந்த ஆராய்ச்சியை நான் வெறுக்கவில்லை. நாளைக்கு ஆயிரம் பேரை வைத்து, பொய்க் கருவியோடு ஒப்பிட்டு, நன்மை இருக்கிறது என்று காட்டினால் முதல் ஆளாக இங்கே வந்து எழுதுவேன். எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கும் கேட்போம்.

சூரிச் தம்பி எழுதியது:

அக்கா, பலகையை அனுப்பவில்லை. ஒட்சிசன் கருவிக்கும் இடைக்குழலுக்கும் இன்றைக்கே காசு போடுகிறேன், மட்டக்களப்பு டவுனில் ஃபார்மசியில் வாங்குங்கள். அப்பாவிடம் நான் இரவைக்குக் கதைக்கிறேன். நான் சொன்னால் கேட்பார்.

தேற்றாத்தீவு மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாளைக் காலை அப்பாவைக் கொண்டுபோகிறேன். எக்ஸ்ரே, பழைய துண்டுகள், நடந்து எடுத்த அளவு எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இயன்மருத்துவன் அண்ணா, நெஞ்சுப் பயிற்சிக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லி வார்ட்டு வைத்தியரிடமே கேட்கலாமா, அல்லது கிளினிக்கில்தான் எழுதுவார்களா?

இயன்மருத்துவன் எழுதியது:

யார் பார்த்தாலும் எழுதித் தருவார்கள் தங்கச்சி. பம்பையும் கையோடு கொண்டுபோங்கள், அவர் அடிப்பதை வைத்தியர் முன்னால் ஒரு தரம் காட்டச் சொல்லுங்கள்.